ஊரை விட்டுச் சிறு நகருக்குக் குடியேறலாமா?

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மழை பொய்த்து, கடன் மிகுந்து, ஊரில் பிழைக்க வகையற்றுப் போனவனுக்குப் பட்டணத்திலாவது ஒரு வழி பிறக்கும் என்பது அதன் கருத்து. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. கெட்டவர் மட்டுமன்றி, ஓரளவு வசதியோடு வாழ்பவரும் ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். அவர்கள் நாடுவதும் சென்னை, கோயம்புத்தூர் போன்ற பெருநகரங்களை மட்டும் அல்ல. 15 அல்லது 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட்டத் தலைநகரிலோ, மாவட்டத் தலைநகரிலோ ஒரு வாடகை வீடு பார்த்துக் குடியேறுவோர் பலர்.

"பிள்ளைகளின் படிப்பை எண்ணிப் போகலாம் என்றிருக்கிறோம், நிலத்தை என்ன செய்வது?" என்று விவசாயிகள் நம்மிடம் கேட்கின்றனர். "தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, இதற்குப் பஞ்சாயத்து என்ன செய்ய இயலும்?" என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது. போவதே தவறு என்றோ, போனால்தான் முன்னேற்றம் என்றோ பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் துணையாக, எவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

சிறு நகரங்கள் வளர்ந்த விதம்

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நகரங்களில் வாழ்ந்தோர் 44 சதவீதம். 2011-இல் இது 48.4 சதவீதமாக உயர்ந்தது. அப்போது மாநிலத்தின் மொத்த மக்கள் 7.21 கோடி, அவர்களுள் 3.72 கோடிப் பேர் கிராமங்களிலும், 3.49 கோடிப் பேர் நகரங்களிலும் வாழ்ந்தனர்.

இவ்வளர்ச்சி பெருநகரங்களில் மட்டும் நிகழவில்லை. 5,000 பேருக்குக் குறையாத மக்களும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கமும் கொண்டு, முதன்மைத் தொழிலாளராகிய ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத தொழிலில் ஈடுபட்டிருக்கும் ஊரை, அது கிராமப் பஞ்சாயத்தாகவே இருப்பினும், கணக்கெடுப்பு நகரம் என்று வகைப்படுத்துவர். இத்தகைய ஊர்கள் தமிழ்நாட்டில் 2001-இல் 111 இருந்தன. 2011-இல் 376 ஆயின. அதாவது, சில ஊர்களில் மக்கள் நகரத்தைத் தேடிப் போகவில்லை. நகரமே அவர்களைத் தேடி வந்துவிட்டது.

அதன் பின்னரும் சிறு நகரங்கள் பல வகையில் வலுப்பெற்றுள்ளன. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், 2020-இல் மயிலாடுதுறையும் புதிய மாவட்டங்களாக அறிவிக்கப்பெற்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்த இடத்தில் பிற அலுவலகங்களும், கடைகளும், வாடகை வீடுகளும் பெருகின. 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி உள்ளிட்ட 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பெற்றன. கணினித் தொழிலுக்கான சிறு டைடல் பூங்காக்கள் 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் தொடங்கப்பெற்றன. ஆகவே, மேல்படிப்பானாலும் உயர் மருத்துவமானாலும் சென்னைக்கே செல்ல வேண்டும் என்ற நிலை ஓரளவு தளர்ந்துள்ளது.

பெருநகரோடு ஒப்பிட்டால்

குடிபெயர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பத்திற்கு, பெருநகரைவிடச் சிறு நகரம் பல வகையில் ஏற்றது என்பதை மறுப்பதற்கில்லை.

முதலாவது, இடநெருக்கடி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26,553 பேர் வாழ்ந்தனர். மாநிலத்தின் சராசரி 555 மட்டுமே. நெருக்கம் மிகுந்த இடத்தில் வாடகை உயர்வதும், வாழும் இடம் சுருங்குவதும் இயல்பு.

இரண்டாவது, தண்ணீர். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து ரயில் வண்டிகளில் தண்ணீர் கொண்டுசெல்ல நேரிட்டது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரிலும் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. தாழ்வான பகுதியில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த எளியோரே இரு துன்பங்களிலும் மிகுதியாக வாடினர்.

மூன்றாவது, நிலத்தின் அருகாமை. சென்னைக்குச் சென்றவர் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்குமே ஊருக்கு வர முடியும். பக்கத்து நகருக்குச் சென்றவர் ஞாயிறுதோறும் வயலைப் பார்க்கலாம். பெற்றோருக்கு உடல்நலம் இல்லையென்று செய்தி வந்தால் ஒரு மணி நேரத்தில் வந்துசேரலாம். விவசாயக் குடும்பத்திற்கு இதனினும் பெரிய வசதி வேறில்லை.

மற்றொன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி வேற்றுமையின் கடுமையால் வேலையும் மரியாதையும் மறுக்கப்பட்டு ஊரில் வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அத்தகைய குடும்பத்திற்கு நகரம் விடுதலையாகவும் அமையக்கூடும். அவர்களிடம் ஊரின் பெருமையைப் பேசி நிறுத்தி வைக்க முயல்வது நியாயமாகாது. ஊரைச் சீர்திருத்துவதே பஞ்சாயத்தின் கடமையாகும்.

சிறு நகரின் குறைகள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். சிறு நகரின் முதற் குறை, வேலையின் வகை குறைவு என்பது. பெருநகரில் ஒரு வேலை போனால் வேறொன்று கிடைக்கும். சிறு நகரங்களில் பலவும் ஓரிரு தொழில்களையே நம்பியிருப்பவை. சிவகாசிக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும், ஆம்பூருக்குத் தோல், சங்கரன்கோவிலுக்கு விசைத்தறி, ஒட்டன்சத்திரத்திற்குக் காய்கறிச் சந்தை என்று ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது. அவ்வாதாரம் ஆட்டங்கண்டால் ஊரே ஆட்டங்காணும். 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புக்களைப் பயன்படுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், சிவகாசிப் பகுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அவ்வேளையில் கிராமத்தில் வீடும் நிலமும் உடையவர் ஒருவாறு சமாளிக்கலாம். வாடகை வீட்டில் வாழ்பவர் என் செய்வார்?

எனவே நகரைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கு எத்தனை வகைத் தொழில்கள் உள்ளன, குடும்பத்தில் ஒருவர் அல்லாது இருவருக்கு வேலை கிடைக்குமா, அவ்விருவரும் ஒரே தொழிலை நம்பியிருக்க நேருமா என்பவற்றை விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது குறை, கிராமத்தில் காசின்றிக் கிடைத்தவற்றுக்கெல்லாம் நகரத்தில் காசு கொடுக்க நேர்வது. வீட்டு முருங்கையும், கொல்லைக் கீரையும், மாட்டுப் பாலும், சொந்த நெல்லும், வீட்டருகே உள்ள குழாய்த் தண்ணீரும் கிராமக் குடும்பத்தின் செலவுக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. நகரத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவாகும். சில நாள்களுக்கு ஒருமுறையே குழாய்த் தண்ணீர் வரும் நகரங்களும் உண்டு; அங்கே கோடைக் காலத்தில் தண்ணீர் விலைக்கு வாங்க நேரிடும்.

மூன்றாவது, கிராமத்தார்க்கே உரிய சில உரிமைகள் நகரத்திற்கு உடன் வருவதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலை உறுதியளிக்கப்பட்டது. ஊரக வேலைத் திட்டம் என்பது ஊரகத்தில் வாழும் குடும்பத்துக்கே உரியது. பேரூராட்சியிலோ நகராட்சியிலோ குடியேறியவர் அதனைக் கோர முடியாது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில பஞ்சாயத்துக்களை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, பல ஊர்களில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததற்கு இதுவும், வரி உயருமே என்னும் கவலையுமே முதற் காரணங்கள்.

நான்காவது, முதியோரின் நிலை. இளையோர் நகரத்திற்குச் செல்ல, தாய் தந்தையர் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே வந்து சேர வகை செய்யப்பட்டது. எனினும் நேரத்துக்கு மருந்தை எடுத்துக் கொடுக்கவும், இரவில் ஒரு குரல் கேட்டால் எழுந்து வரவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முடிவு செய்த பின்னரே வண்டியில் சாமான் ஏற்ற வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இவற்றையெல்லாம் எண்களில் இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், பாட்டி என ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நிலமும், இரண்டு கறவை மாடுகளும் அவர்களுக்கு உண்டு. கீழே தரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்க.

ஊரில் இருக்கையில் மாத வரவு: நிலத்தில் சராசரி ரூ. 4,000, மாடுகளில் ரூ. 5,000, கணவனின் வெளிவேலைக் கூலி ரூ. 9,000, ஆக ரூ. 18,000. மாதச் செலவு ரூ. 13,000. மிச்சம் ரூ. 5,000.

குடும்பம் முழுதும் நகரத்தில் குடியேறிய பின் மாத வரவு: கணவனின் சம்பளம் ரூ. 15,000, மனைவியின் சம்பளம் ரூ. 8,000, நிலத்தின் குத்தகை ரூ. 1,500, ஆக ரூ. 24,500. மாடுகள் விற்கப்பட்டுவிட்டன. மாதச் செலவு: வாடகை ரூ. 5,000, உணவு ரூ. 7,500, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ரூ. 1,500, பள்ளி, பேருந்து ரூ. 3,000, ஊருக்குப் போய்வருதல், நன்மை தீமை ரூ. 1,500, மருந்து முதலியன ரூ. 1,500, ஆக ரூ. 20,000. மிச்சம் ரூ. 4,500.

வரவு ரூ. 6,500 கூடியது, செலவோ ரூ. 7,000 கூடியது. கையில் நோட்டுக்கள் மிகுதியாகப் புரண்டபோதிலும் மிச்சம் ரூ. 500 குறைந்தது. மனைவிக்கு வேலை கிடைக்காது போனாலோ, கைக்குழந்தையின் பொருட்டு அவர் வேலையை விட நேர்ந்தாலோ, வரவு ரூ. 16,500 ஆகி, மாதந்தோறும் ரூ. 3,500 கடன் ஏறும். ஆகவே நகர வாழ்க்கை நிற்பதும் விழுவதும் இரண்டாவது சம்பளத்தைப் பொறுத்தே இருக்கிறது. இதனை முன்னரே உறுதி செய்துகொள்ளாமல் புறப்படுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது போலாகும்.

இனி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. குடும்பம் ஊரிலேயே இருக்க, கணவன் மட்டும் நாள்தோறும் நகரத்திற்கு வேலைக்குப் போய்வருகிறார் என்று கொள்வோம். சம்பளம் ரூ. 15,000, மாடுகளில் ரூ. 5,000, கூலியாள் வைத்துச் செய்வதால் நிலத்தில் ரூ. 2,500 மட்டுமே, ஆக ரூ. 22,500. பழைய செலவு ரூ. 13,000 உடன் போக்குவரத்துக்கு ரூ. 2,000 சேர்த்தால் ரூ. 15,000. மிச்சம் ரூ. 7,500. மூன்று வழிகளுள் இதுவே மிச்சம் மிகுந்தது. வேலை செய்பவர் மனைவியாயின் போக்குவரத்துச் செலவு மேலும் குறையலாம். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய வகை செய்யப்பட்டமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

எல்லாக் குடும்பங்களுக்கும் இதே விடை வரும் என்று நாம் சொல்லவில்லை. பேருந்து வராத ஊருக்கும், இரவு வேலைக்கும் மூன்றாம் வழி ஒத்துவராது. வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோயாளி இருக்கும் வீட்டிற்கு, மாதம் ரூ. 500 மிச்சம் குறைவதைப் பற்றிக் கவலையில்லை. நிலமே இல்லாத கூலிக் குடும்பத்திற்கு இழப்பு குறைவு. ஆனால் ஊரில் அவர்களுக்குள்ள வீட்டுமனைப் பட்டா அவர்களின் ஒரே சொத்து. இலவசப் பட்டாவாயின் அதிலுள்ள நிபந்தனைகளைப் படித்தறிந்து, அதனைக் காத்துக்கொள்ள வேண்டும்.

படிப்புக்காகப் போகிறவர்கள் அறியவேண்டியது

குடிபெயர்வோரில் பலர் சொல்லும் காரணம் பிள்ளைகளின் கல்வி. இதில் ஒரு முக்கியமான செய்தியைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறிய மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இவ்வொதுக்கீடு விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் சேரும் மாணவியர்க்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றபோது, அரசுப் பள்ளியில் படித்தமையே அவற்றுக்கும் முக்கியத் தகுதியாக வைக்கப்பட்டது.

கிராமத்து அரசுப் பள்ளியில் 7-ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை நகரத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், கட்டணம் செலுத்தத் தொடங்குவதோடு, பிள்ளைக்கு உரிய இந்த வாய்ப்பையும் கைவிடுகின்றனர். நகரத்திற்கே குடியேறினாலும், அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தால் இவ்வுரிமை தொடரும். ஆகவே வீட்டை மாற்றுவது வேறு, பள்ளியின் வகையை மாற்றுவது வேறு என்பதைப் பிரித்தறிதல் நன்று. ஊரில் 10-ஆம் வகுப்பு வரை நல்ல அரசுப் பள்ளி இருக்குமாயின், மேல்நிலைக் கல்விக்கு மட்டும் அரசு விடுதியையோ பேருந்தையோ நாடலாம்.

நிலத்தை என்ன செய்வது?

குடிபெயரும் விவசாயி செய்யக்கூடாத முதற் காரியம், போன ஆண்டிலேயே நிலத்தை விற்றுவிடுவது. நகர வாழ்க்கை ஒத்துவருமா என்று தெரிய இரண்டு ஆண்டுகளாவது ஆகும். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, நகரங்களில் வேலையிழந்தோர் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பினர். சொந்த வீடும் ஒரு துண்டு நிலமும் வைத்திருந்தவர்கள் அடுத்த பருவத்திலேயே விதைக்க முடிந்தது. விற்றுவிட்டுப் போனவர்க்குத் திரும்பி வர இடமில்லை.

செய்யக்கூடாத இரண்டாவது காரியம், நிலத்தைத் தரிசாகப் போட்டு வைப்பது. இரண்டு மழைக்காலம் உழாமல் விட்டால் சீமைக் கருவேல் முளைத்து வேரூன்றிவிடும். அதை வேரோடு களைவதற்கு ஆகும் செலவு ஒரு போக வருமானத்தை விழுங்கும். அன்றியும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் தரிசு என்று பதிவான நிலத்திற்குப் பயிர்க் காப்பீடோ, வெள்ள நிவாரணமோ கோர முடியாது.

ஆகவே குத்தகைக்கு விடுவதே ஏற்றது. ஆனால் பலரும் "எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்" என்று அஞ்சி, வாய்ப்பேச்சாகவே விடுகின்றனர். இதனால் இரு தரத்தார்க்கும் இழப்பு. உழுபவர்க்குப் பயிர்க் கடனும் காப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை. உடையவர்க்குத் தொகை வராதபோது காட்டுவதற்குச் சான்றில்லை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான 1969-ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. சட்டம் உழுபவரை ஏமாற்றுவதற்கு இடங்கொடாது. ஒழுங்காக எழுதிக்கொள்பவர் இருவரும் அச்சமின்றி இருக்கலாம். காலம், தொகை, தண்ணீர், மரங்களின் பலன், பம்பு செட்டு பழுது ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிந்து செய்க.

புறப்படுமுன் பட்டாவையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டனார் பெயரிலேயே இருக்கும் பட்டாக்கள் நம் ஊர்களில் ஏராளம். வாரிசுகள் அனைவரும் ஊரில் இருக்கும்போதே பெயர் மாற்றம் செய்து, எல்லைக் கற்களைப் பார்த்து வைப்பது எளிது. நால்வர் நான்கு நகரங்களுக்குப் போனபின் ஒரு கையெழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

படிப்படியாகப் போகும் முறை

எல்லாவற்றையும் ஆராய்ந்தபின் குடியேறுவதே நன்று என்று முடிவு செய்தவர்கள், பின்வரும் முறையைக் கைக்கொண்டால் இடர் குறையும்.

1. முதலில் வேலை, பின்னர் வீடு. வேலை செய்பவர் மூன்று மாதமேனும் ஊரிலிருந்து போய்வந்து பார்க்கட்டும். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

2. பள்ளியாண்டின் நடுவில் குடிபெயர வேண்டா. ஜூன் மாதத் தொடக்கத்திற்கு முன்னரே ஏற்பாடுகளை முடித்துக்கொள்க.

3. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுக. 2019-இல் நடைமுறைக்கு வந்த மாநில வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது.

4. ரேஷன் அட்டையைக் கைவிட வேண்டா. 2020 அக்டோபரிலேயே எந்தக் கடையிலும் பொருள் வாங்கும் வசதி தமிழ்நாட்டில் ஏற்படுத்தப்பட்டது. நிலையாகத் தங்குவது உறுதியானபின் முகவரியை மாற்றிக்கொள்ளலாம்.

5. வாக்காளர் பட்டியலைப் பற்றித் தெளிவு வேண்டும். ஒருவர் வழக்கமாக எங்கு வசிக்கிறாரோ அங்குதான் அவர் பெயர் இருக்க வேண்டும். ஊரில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் அங்கு வாக்குரிமை நிலைக்காது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பது குற்றம். இடம் மாறியவர் படிவம் 8-ஐ நிரப்பித் தருதல் வேண்டும். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் கிராம சபை உறுப்பினர் என்ற உரிமையும் நீங்கும். இதையும் எண்ணியே முடிவு செய்க.

6. ஊர் வீட்டைப் பூட்டிப் போட வேண்டா. ஆள் புழங்காத வீடு விரைவில் பாழாகும். உறவினர் ஒருவரைக் குடிவைத்து, வீட்டு வரியை ஆண்டுதோறும் தவறாது செலுத்துக.

பஞ்சாயத்துக்களின் கடமை

இறுதியாகப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குச் சில சொற்கள். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போவது அக்குடும்பத்தின் சொந்த விஷயம் என்று நாம் இருந்துவிடலாகாது. பஞ்சாயத்துக்களுக்கு வரும் மானியங்களில் மக்கள்தொகை ஒரு முக்கிய அளவுகோல். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டது. மக்கள் குறைந்தால் மானியம் குறையும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியில் ஆசிரியர் குறைவர். பயணிகள் குறைந்தால் பேருந்து நிற்கும். பேருந்து நின்றால் எஞ்சியவரும் புறப்படுவர்.

இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுக்கலாம் என்பதைக் கிராம சபையில் ஆராய வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது, 2022-இல் ஆறு முறையாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றிலேனும், கடந்த ஐந்தாண்டுகளில் ஊரை விட்டுப் போன குடும்பங்களின் பட்டியலை வைத்து, ஒவ்வொன்றும் எதன்பொருட்டுப் போயிற்று என்று எழுதிப் பாருங்கள். பெரிய தொழிற்சாலை இல்லாமையால் போனோர் சிலர் இருப்பர். காலை ஏழரை மணிப் பேருந்து இல்லாமையால் போனோரும், மாலையில் பிள்ளைகள் இருந்து படிக்க விளக்கும் இடமும் இல்லாமையால் போனோரும், பால் எடுக்கும் சங்கம் நின்றுபோனதால் மாட்டை விற்றுப் போனோரும் அப்பட்டியலில் இருத்தல் கூடும்.

தொழிற்சாலையைக் கொண்டுவரப் பஞ்சாயத்தால் இயலாது. ஆனால் பேருந்து நேரத்தை மாற்றக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்ப இயலும். நூலகக் கட்டடத்தை மாலையில் திறந்து வைத்து, விளக்குப் போட இயலும். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தை மீண்டும் இயக்க, உறுப்பினர்களை அழைத்துப் பேச இயலும். இவற்றைப் பஞ்சாயத்தின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்திலேயே சேர்த்து, ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்பலாம். 2003-இல் அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது முன்வைத்த கருத்து, நகரத்து வசதிகளைக் கிராமங்களுக்கே கொண்டுசெல்வது என்பதாகும். சாலை இணைப்பு, மின்னணு இணைப்பு, அறிவு இணைப்பு ஆகியவை வந்தால் பொருளாதார இணைப்புத் தானே வரும் என்பது அவர் கொள்கை. சிறு நகருக்குப் போய்வர நல்ல பேருந்தும் சாலையும் உள்ள கிராமம், அந்நகரின் நன்மைகளில் பெரும்பகுதியை வாடகையின்றியே பெற்றுவிடுகிறது.

இக்கரைக்கு அக்கரை பச்சையாகத்தான் தோன்றும். வரவு, செலவு, நிலம், பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெண்டிரையும் முதியோரையும் கலந்துகொண்டு முடிவு செய்யும் குடும்பம், போனாலும் நன்றாக இருக்கும். இருந்தாலும் நன்றாக இருக்கும். அடுத்த பள்ளியாண்டு தொடங்கு முன் அவ்வாறு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இக்கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு விவசாயிகளையும், அடுத்த கிராம சபையிலேயே மேற்கூறிய பட்டியலை எடுத்து வைக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.